ஃபார்ம் 16 வர்றதுக்கு முன்னாடி ஐடிஆர் போடலாமா? எதுக்கு காத்திருக்கணும், எதுக்கு காத்திருக்கக் கூடாது

ஏப்ரல் பொறந்தாலே ஐடிஆர்ங்கற வருமான வரி ரிட்டர்ன எப்ப போடறதுங்கற குழப்பம் ஆரம்பிச்சிடுது. ஒரு பக்கம் "சீக்கிரம் போட்டா சீக்கிரம் ரீஃபண்ட் வரும்"னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் ஹெச்ஆர்ல கேட்டா "ஃபார்ம் 16 ஜூன்லதான் வரும்"ங்கறாங்க, ஆடிட்டரக் கேட்டா "26ஏஎஸ் அப்டேட் ஆகட்டும் பாக்கலாம்"னு முடிச்சிடறாரு. எதுக்காக காத்திருக்கோம்னு யாரும் முழுசா சொல்றதில்ல. அது புரிஞ்சா எத்தன நாள் காத்திருக்கலாம், எந்த இடத்துல காத்திருக்கறதே நஷ்டம்னு தானா தெரிஞ்சிடும்.

இங்க 2025-26 நிதியாண்டத்தான் எடுத்துக்கறேன், அதாவது 2025 ஏப்ரல் 1ல இருந்து 2026 மார்ச் 31 வரைக்கும் வந்த வருமானம். புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1ல இருந்து அமலுக்கு வந்திருச்சு, ஆனா அதுக்கு முந்தின வருஷ வருமானத்துக்கு பழைய 1961 சட்டம்தான் பொருந்தும், அதனால கீழ வர்ற செக்ஷன் நம்பர் எல்லாம் பழைய சட்டத்தோடது.

## பேப்பர் எதையும் இணைக்கறதில்ல, அப்புறம் எதுக்கு வெயிட்டிங்?

நிறைய பேரு நினைக்கறது, ஃபார்ம் 16 இல்லன்னா ரிட்டர்ன் ஏத்துக்க மாட்டாங்கன்னு. அப்படி ஒண்ணும் கிடையாது. ஐடிஆரோட ஃபார்ம் 16 உட்பட எந்த ஆவணத்தையும் இணைக்க வேண்டியதில்ல, நம்ம வருமானம் இவ்வளவு, பிடிச்ச வரி இவ்வளவுன்னு நாமளே எழுதிக் குடுக்கற உறுதிமொழிதான் அது.

ஆனா அத டிபார்ட்மென்ட் அப்படியே நம்பிடறதில்ல. நம்மளப் பத்தி மத்தவங்க குடுத்த கணக்கோட ஒப்பிட்டுப் பாக்கறாங்க. கம்பெனி, பேங்க், மியூச்சுவல் ஃபண்ட், பத்திரப் பதிவு ஆபீஸ், இப்படி ஒவ்வொருத்தரும் நம்ம பான் நம்பர போட்டு தகவல் அனுப்பறாங்க. பெங்களூர்ல இருக்கற சிபிசிங்கற ரிட்டர்ன் பரிசீலிக்கற மையத்துல கம்ப்யூட்டர்தான் ரெண்டையும் பொருத்திப் பாக்குது. அதனால காத்திருக்கறது காகிதத்துக்காக இல்ல, அந்த மத்தவங்க கணக்கு முழுசா வந்து உக்கார்றதுக்காக. ஃபார்ம் 16ங்கறது அப்படி உக்காந்துடுச்சுங்கறதுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

## எந்த பேப்பர் என்ன சொல்லுது

ஃபார்ம் 16: சம்பளத்துல வரி பிடிச்ச கம்பெனி குடுக்கறது. பார்ட் ஏல எந்த காலாண்டுல எவ்வளவு பிடிச்சு அரசாங்கத்துக்கு கட்டினாங்கன்னு இருக்கும், பார்ட் பில சம்பள விவரம், கழிவு, வரிக் கணக்கு. ரெண்டுமே ட்ரேசஸ்ங்கற டிடிஎஸ் (பணம் குடுக்கும்போதே பிடிக்கற வரி) போர்ட்டல்ல இருந்து இறக்கினதா இருக்கணும். கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல எக்செல்ல அடிச்சு சீல் குத்திக் குடுத்தா அது ஃபார்ம் 16 இல்ல.

ஃபார்ம் 16ஏ: சம்பளம் தவிர மத்ததுல பிடிச்சதுக்கு. எஃப்டி வட்டி, புரொஃபஷனல் ஃபீஸ், டிவிடெண்ட் மாதிரி.

26ஏஎஸ்: நம்ம பான்ல வரவான டிடிஎஸ், டிசிஎஸ் (விக்கறவங்க நம்மகிட்ட வசூலிக்கற வரி) மொத்தத்துக்குமான ஸ்டேட்மென்ட்.

ஏஐஎஸ்: 2021 நவம்பர்ல இருந்து வந்தது, 26ஏஎஸ்ஸ விட ரொம்பப் பெருசு. சேவிங்ஸ் வட்டி, டிவிடெண்ட், ஷேர் வித்தது, ஃபண்ட் வித்தது, வரி பிடிக்காத வருமானம்கூட இதுல வந்து நிக்கும்.

இந்த வரி பிடிக்காத வருமானத்துலதான் பலபேர் மாட்டறாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து பேங்க் எஃப்டி வட்டி வருஷத்துக்கு 50,000 ரூபா தாண்டினாதான் டிடிஎஸ், 60 வயசு ஆனவங்களுக்கு 1 லட்சம். 48,000 வட்டி வந்தவருக்கு டிடிஎஸ் பிடிக்க மாட்டாங்க, 26ஏஎஸ்ல ஒரு என்ட்ரிகூட இருக்காது, அவரும் "பிடிக்கல, அப்ப வரி இல்ல"ன்னு விட்டுடுவாரு. வரி பிடிக்கலங்கறதும் வரி இல்லங்கறதும் வேற வேற. அந்த 48,000த்த பேங்க் தனியா ரிப்போர்ட் பண்ணும், ஏஐஎஸ்ல வந்துடும்.

## தகவல் எப்ப வந்து சேருது

இந்த தேதிகள் தெரிஞ்சா ஜூன் ஏன் முக்கியம்னு புரியும்.

1. ஏப்ரல் 30: மார்ச் மாசம் பிடிச்ச டிடிஎஸ்ஸ கம்பெனி கட்ட கடைசி நாள். மத்த மாசத்துக்கெல்லாம் அடுத்த மாசம் 7ம் தேதி, மார்ச்சுக்கு மட்டும் இந்த சலுகை.

2. மே 31: ஜனவரி-மார்ச் காலாண்டு டிடிஎஸ் ஸ்டேட்மென்ட் போட கடைசி நாள், சம்பளத்துக்கு 24க்யூ, மத்ததுக்கு 26க்யூ. இதப் போட்டு பிராசஸ் ஆனாதான் அந்த மூணு மாச டிடிஎஸ் 26ஏஎஸ்ல தெரியும். முழு வருஷ சம்பள விவரமும் இந்த கடைசி 24க்யூவோடதான் போகுது, போர்ட்டல்ல சம்பளம் தானா நிரம்பி வர்றதுக்கு அதுதான் மூலம். ஏப்ரல்ல உள்ள போய் "சம்பளமே காட்டலையே"ன்னு பதறத் தேவையில்ல, இன்னும் யாரும் அனுப்பல.

3. அதே மே 31: பேங்க், ஃபண்ட் கம்பெனி எல்லாம் வருஷாந்திர பரிவர்த்தனை ரிப்போர்ட் அனுப்ப கடைசி நாள். ஏஐஎஸ் நிரம்பறது இதுலதான்.

4. ஜூன் 15: ஃபார்ம் 16ம் கடைசி காலாண்டு 16ஏவும் குடுக்க கடைசி நாள்.

அதாவது ஏப்ரல்ல 26ஏஎஸ் பாத்தா டிசம்பர் வரைக்குமான 9 மாசக் கணக்குதான் இருக்கும். மாசம் 5,000 பிடிச்சவருக்கு 60,000 இருக்கணும், 45,000தான் தெரியும். அத வெச்சு ரிட்டர்ன் போட்டா என்ன ஆகும்னு அடுத்து பாப்போம். இன்னொண்ணு, சீக்கிரம் போடணும்னு நினைச்சாலும் ஃபார்மே சில வருஷம் ரெடியா இருக்காது. 2025ல ஐடிஆர் 1, 4க்கான யூட்டிலிட்டி (ரிட்டர்ன் நிரப்பற மென்பொருள்) மே கடைசிலதான் வந்துச்சு, 2ம் 3ம் ஜூலைல, அதனாலதான் ஜூலை 31 கெடுவ செப்டம்பர் 15க்கும் பிறகு 16க்கும் தள்ளி வெச்சாங்க. அது அந்த ஒரு வருஷக் கதை, எல்லா வருஷமும் தள்ளிப் போடுவாங்கன்னு நம்பி உக்காரக் கூடாது.

## அவசரப்பட்டு போட்டா நடக்கறது

மூணு விதமா சிக்கல் வரும்.

1. நாம 60,000 பிடிச்சாங்கன்னு எழுதறோம், 26ஏஎஸ்ல 45,000தான் இருக்கு. சிபிசி 45,000த்துக்குதான் வரவு குடுக்கும். ரீஃபண்ட் 15,000 குறையும், இல்லன்னா 143(1) இன்டிமேஷன்ல (ரிட்டர்ன சரிபாத்து அனுப்பற அறிவிப்பு) 15,000 கட்டுன்னு டிமாண்ட் வரும். பின்னாடி 26ஏஎஸ் சரியான பிறகு ரெக்டிஃபிகேஷன், அதாவது திருத்த மனு போட்டு வாங்கலாம், ஆனா அது மாசக்கணக்குல இழுக்கற வேலை.

2. டிடிஎஸ்ஸ மட்டும் கிளைம் பண்ணிட்டு அது எந்த வருமானத்துல பிடிச்சதோ அந்த வருமானத்த காட்டாம விட்டா, 139(9)ல டிஃபெக்டிவ் ரிட்டர்ன்னு நோட்டீஸ் வரும். 15 நாளுக்குள்ள சரி பண்ணணும், அவகாசம் கேட்டா தருவாங்க, ரெண்டும் பண்ணாம விட்டா ரிட்டர்ன் போடாத மாதிரியே ஆயிடும். கியூமுலேட்டிவ் எஃப்டி வெச்சிருக்கறவங்களுக்கு இது அடிக்கடி நடக்குது, ஏன்னா வட்டி கைக்கு வந்திருக்காது ஆனா பேங்க் வருஷா வருஷம் சேர்ந்த வட்டிக்கு டிடிஎஸ் பிடிச்சிடும், வருமானம் வரலையேன்னு இவங்க காட்டாம விட்டுடுவாங்க.

3. வருமானமே விட்டுப்போறது. ரிட்டர்ன் போட்ட பிறகு ஏஐஎஸ்ல புதுசா ஒரு டிவிடெண்ட், ஒரு ஃபண்ட் விற்பனை வந்து நிக்கும், "உங்க ரிட்டர்னும் எங்க தகவலும் ஒத்துப்போகல"ன்னு மெயில் வரும். ரிவைஸ்டு ரிட்டர்ன் கெடுவுக்குள்ள இருந்தா திருத்திக்கலாம். கெடு தாண்டிட்டா ஐடிஆர்-யூங்கற அப்டேட்டட் ரிட்டர்ன்தான் வழி, அதுல வரியும் வட்டியும் சேந்த தொகைல இன்னொரு 25 சதவீதத்துல ஆரம்பிச்சு வருஷம் போகப் போக 70 சதவீதம் வரைக்கும் கூடுதலா கட்டணும், ரீஃபண்ட் கேக்கறதுக்கு ஐடிஆர்-யூ போடவே முடியாது. அவங்களே கண்டுபிடிச்சு வருமானத்த குறைச்சுக் காட்டினதா முடிவு பண்ணினா அந்த வரில 50 சதவீதம் அபராதம், தெரிஞ்சே தப்பா காட்டினா 200 சதவீதம்.

தனிச் சம்பளம், வேற எதுவும் இல்ல, டிடிஎஸ்ஸும் இல்லங்கறவருக்கு இதுல எதுவும் பெருசா பாதிக்காது. வருமானம் எத்தன இடத்துல இருந்து வருதோ அத்தன மடங்கு காத்திருக்கற அவசியம் கூடும்.

## வருஷ நடுவுல வேலை மாறினவங்க கொஞ்சம் நிதானமா படிங்க

இந்த வருஷம் பலரும் அதிர்ச்சியாகறது இதுலதான், ஏன்னா புது வரி முறைல 12 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னு ஆனது 2025-26லதான்.

ஒருத்தரு ஏப்ரல்-செப்டம்பர் ஒரு கம்பெனில மாசம் 1 லட்சம், அக்டோபர்-மார்ச் இன்னொரு கம்பெனில மாசம் 1,30,000 வாங்கினாருன்னு வெச்சுக்குவோம், புது முறை.

முதல் கம்பெனி வருஷத்துக்கு 12 லட்சம்னு கணக்குப் போடும், 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் போக 11.25 லட்சம், 87ஏ ரிபேட்ல (வரித் தள்ளுபடி) வரி பூஜ்யம். டிடிஎஸ் இல்ல.

ரெண்டாவது கம்பெனிக்கு பழைய சம்பளத்தப் பத்தி இவரு சொல்லல. அவங்க கணக்குல ஆறு மாசத்துக்கு 7.8 லட்சம், 75,000 போக 7.05 லட்சம், மறுபடியும் வரி பூஜ்யம். டிடிஎஸ் இல்ல.

இவரும் ரெண்டு பக்கமும் பிடிக்கல, அப்ப நிம்மதின்னு இருப்பாரு. உண்மைல மொத்த சம்பளம் 13.8 லட்சம், ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் ஒரு தடவதான், ரெண்டு தடவ கிடையாது, ஆக 13.05 லட்சம். 4-8 லட்சத்துக்கு 20,000, 8-12க்கு 40,000, மீதி 1,05,000க்கு 15 சதவீதம் 15,750, மொத்தம் 75,750, 4 சதவீத செஸ் 3,030 சேத்தா 78,780 ரூபா. 12 லட்சம் தாண்டிட்டதால ரிபேட்டும் கிடையாது.

புது கம்பெனில சேரும்போதே ஃபார்ம் 12பி குடுத்து பழைய சம்பளத்த சொல்லியிருந்தா அவங்களே மாசா மாசம் பிடிச்சிருப்பாங்க. சொல்லாம விட்டவங்க ரெண்டு கம்பெனி கணக்கும் கைல வந்து ஒண்ணா கூட்டிப் பாக்காம ரிட்டர்ன் பட்டன அமுக்கவே கூடாது. இன்னொரு விஷயம், டிடிஎஸ்ஸே பிடிக்காத கம்பெனி ஃபார்ம் 16 குடுக்கணும்னு சட்டத்துல கட்டாயம் இல்ல. அதனால இவரு ஜூன் முழுக்க ஃபார்ம் 16க்கு காத்திருந்தாலும் அது வராமலே போகலாம், சேலரி ஸ்லிப்தான் ஆதாரம்.

## பேப்பருக்கு காத்திருங்க, வரி கட்டறதுக்கு காத்திருக்காதீங்க

இந்த வித்தியாசத்தத்தான் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்றதில்ல, பணம் போறது இங்கதான்.

டிடிஎஸ் போக வருஷத்துக்கு 10,000 ரூபாயோ அதுக்கு மேலயோ வரி வந்தா மார்ச்சுக்குள்ள அட்வான்ஸ் டாக்ஸா கட்டியிருக்கணும் (பிசினஸ் வருமானம் இல்லாத 60 வயசு ஆனவங்களுக்கு மட்டும் விலக்கு). கட்டலன்னா 234பி படி ஏப்ரல்ல இருந்து மாசத்துக்கு 1 சதவீதம் வட்டி ஓடும், மாசத்துல ஒரு நாள் ஆனாலும் முழு மாசக் கணக்கு. மேல சொன்ன 78,780க்கு மாசம் 787 ரூபா. ஏப்ரல்லயே கட்டினா 787, ஃபார்ம் 16 வரட்டும், ஹெச்ஆர் பதில் சொல்லட்டும்னு ஜூலைல கட்டினா 3,148. அதுக்கு மேல தவணை தவறினதுக்கு 234சி வட்டி தனியா இருக்கு.

ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடியே வரிய கட்டலாம். போர்ட்டல்ல ஈ-பே டாக்ஸ் போயி செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ்னு தேர்வு பண்ணி அசெஸ்மென்ட் இயர் 2026-27 போட்டு கட்டணும், வருஷத்த தப்பா தேர்வு பண்றவங்க நிறைய, அப்புறம் அந்தப் பணம் வேற வருஷத்துல போய் உக்காந்துக்கும். சேலரி ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வெச்சு தோராயமா கணக்குப் போட்டு ஏப்ரல்லயே கட்டிட்டு, ரிட்டர்ன நிதானமா ஜூன் கடைசிலயோ ஜூலைலயோ போடுங்க. கொஞ்சம் கூட கட்டிட்டா ரீஃபண்டா வந்துடும்.

ரீஃபண்ட் வர வேண்டியவங்களுக்கு இந்தக் கவலை இல்ல. கெடுவுக்குள்ள ரிட்டர்ன் போட்டா டிடிஎஸ் ரீஃபண்டுக்கு ஏப்ரல் 1ல இருந்தே மாசம் அரை சதவீதம் வட்டி அவங்க தருவாங்க (ரீஃபண்ட் மொத்த வரில 10 சதவீதத்துக்கு குறைவா இருந்தா மட்டும் கிடையாது), அதனால ஒரு மாசம் முன்னாடி போடறதுல பெரிய லாபம் இல்ல.

## ஏஐஎஸ் சொல்றதெல்லாம் வேதவாக்கு இல்ல

காத்திருந்து எல்லாம் வந்த பிறகும் அப்படியே ஏத்துக்கக் கூடாது. ஜாயின்ட் அக்கவுண்ட்ல முழு வட்டியும் முதல் பேருக்காரர் பான்ல வரும். ஒரே எஃப்டி வட்டி டிடிஎஸ் பக்கமும் பேங்க் ரிப்போர்ட் பக்கமும் ரெண்டு தடவ வரலாம். ஷேர், ஃபண்ட் வித்த தொகை இருக்கும், அது லாபம் இல்ல, வித்த மொத்தப் பணம். வாங்கின விலைக்கு புரோக்கர் தர்ற டாக்ஸ் பி அண்ட் எல் (லாப நஷ்டக் கணக்கு), ஃபண்டுக்கு அதோட கணக்கப் பாத்துக்கற கேம்ஸ், கேஃபின்டெக் தர்ற கேபிடல் கெயின்ஸ் ஸ்டேட்மென்ட்தான் பாக்கணும், அதுவும் முழு வருஷத்துக்கு எடுத்ததா இருக்கணும்.

தப்பா இருக்கற என்ட்ரிக்கு ஏஐஎஸ்லயே ஃபீட்பேக் குடுக்கலாம், "இது இன்னொருத்தர் பானுக்கு உரியது", "டூப்ளிகேட்" மாதிரி ஆப்ஷன் இருக்கு. தகவல் குடுத்தவங்க ஒத்துக்கற வரைக்கும் ரிட்டர்ன நிறுத்தி வெக்க வேண்டாம், நம்ம ஆதாரப்படி சரியான தொகைய போட்டு அனுப்பலாம். ஏஐஎஸ்ல வராத வருமானமும் உண்டு, உதாரணமா தனி நபர் கிட்ட இருந்து வர்ற வீட்டு வாடகை, அதையும் நாமதான் சேக்கணும்.

## ஃபார்ம் 16 வரவே இல்லன்னா

வரி பிடிச்சிருக்காங்க, ஜூன் 15 தாண்டிடுச்சு, கம்பெனி குடுக்கல. மூணு நிலை இருக்கு.

1. 26ஏஎஸ்ல முழு டிடிஎஸ்ஸும் இருக்கு: கவலையே வேண்டாம். சேலரி ஸ்லிப் 12ஐயும் கூட்டி, போனஸ், அரியர்ஸ் சேத்து 26ஏஎஸ்ஸோட பொருத்தி ரிட்டர்ன் போட்டுடலாம்.

2. 26ஏஎஸ்ல கொஞ்சம்தான் இருக்கு: கம்பெனி ஸ்டேட்மென்ட் போடலையா இல்ல நம்ம பான தப்பா போட்டுட்டாங்களான்னு எழுத்துல, மெயில்ல கேளுங்க. பான் தப்புன்னா அவங்க கரெக்ஷன் ஸ்டேட்மென்ட் போட்டாதான் சரியாகும், நம்ம கைல ஒண்ணும் இல்ல. ஸ்டேட்மென்ட் தாமதத்துக்கு கம்பெனிக்கு நாளுக்கு 200 ரூபா கட்டணம், சர்ட்டிஃபிகேட் குடுக்காததுக்கு நாளுக்கு 500 ரூபா அபராதம் சட்டத்துல இருக்கு, மெயில்ல இத மரியாதையா குறிப்பிட்டாலே பல இடத்துல வேலை நடக்கும்.

3. பிடிச்சிட்டு கட்டவே இல்ல: தொழிலாளிக்கு இதவிட அநியாயம் இல்ல, ஆனா சட்டம் நம்ம பக்கம் இருக்கு. செக்ஷன் 205 படி, சம்பளத்துல பிடிச்சாச்சுன்னா அந்த வரிய மறுபடி நம்மகிட்ட நேரடியா வசூலிக்கக் கூடாது. பிடிச்சாங்கங்கறத நிரூபிக்கணும், அதுக்கு பிடித்தம் போட்ட சேலரி ஸ்லிப்பும் மீதி சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வேணும். சேலரி ஸ்லிப் ஆபீஸ் போர்ட்டல்ல மட்டும் இருக்கறவங்க, வேலைய விடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் இறக்கி வெச்சுக்கங்க, வெளிய வந்த அன்னைக்கே லாகின் போயிடும். சம்பளத்த முழுசா காட்டி, பிடிச்ச டிடிஎஸ்ஸ முழுசா கிளைம் பண்ணி ரிட்டர்ன் போட்டா டிமாண்ட் வரத்தான் செய்யும், அத ஒத்துக்காம இந்த ஆதாரத்தோட பதில் போடணும்.

## காத்திருப்புக்கு எல்லை

சம்பளக்காரங்க, ஐடிஆர் 1, 2 போடறவங்களுக்கு ஜூலை 31. அத தாண்டினா டிசம்பர் 31 வரைக்கும் போடலாம், ஆனா 5,000 ரூபா லேட் ஃபீ (மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ளன்னா 1,000), பாக்கி வரிக்கு 234ஏ வட்டி இன்னும் மாசம் 1 சதவீதம். பணத்த விட பெரிய நஷ்டம் வேற ரெண்டு இருக்கு. கெடுவுக்குப் பிறகு பழைய வரி முறைய தேர்வு பண்ண முடியாது, அப்ப நாம குடியிருக்கற வீட்டுக் கடன் வட்டி, 80சி, வாடகைப் படி கழிவு எல்லாம் போயிடும், கம்பெனி பழைய முறைலதான் பிடிச்சிருந்தாலும் சரி. ஷேர்ல வந்த நஷ்டத்த அடுத்த வருஷங்களுக்கு கொண்டு போகவும் முடியாது. ஒரு பேப்பர் மட்டும் வரலங்கறதுக்காக ஜூலை 31ஐ விடறது எந்தக் கணக்குலயும் கட்டுப்படியாகாது, கைல இருக்கறத வெச்சு கெடுவுக்குள்ள போட்டுட்டு, பேப்பர் வந்து வித்தியாசம் இருந்தா ரிவைஸ் பண்ணிக்கலாம்.

போட்ட பிறகு 30 நாளுக்குள்ள ஈ-வெரிஃபை பண்ணணும், ஆதார் ஓடிபி போதும். 30 நாள் தாண்டி பண்ணினா வெரிஃபை பண்ணின தேதிதான் ரிட்டர்ன் போட்ட தேதியா எடுத்துக்குவாங்க, ஜூலை 28ல போட்டு செப்டம்பர்ல வெரிஃபை பண்ணினவரு லேட்டா போட்டவர் ஆயிடுவாரு.